யார் வைத்த புள்ளி?

எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ஒரு கல்லூரியில் பூகோளம் கற்பிக்கிறவர். நல்ல மனிதர்; கெட்டிக்காரர். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுக் கதை எழுத வந்தவன் நான். ஆகவே அவர் பேரில் எனக்குப் பொறாமை கலந்த மரியாதை உண்டு. சில நாட்களுக்கு முன் அவர் ஒரு பெரிய படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். மேஜை மீதிருந்த என் காகிதங்களை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு அதை விரித்தார்.

பூமியின் உச்சந்தலைக்கு மேலே நின்று பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி இருந்தது அந்தப் படம். நடுவில் வட துருவம். சுற்றிலும் ஆர்க்டிக் சமுத்திரம். அதன் கரையில் ருஷ்யா, அலாஸ்கா, கனடா, கிரீன்லாந்து, நார்வே. கரையெல்லாம் புள்ளிகள். ஜனத்தொகை கூடிய ஊருக்குச் சிவப்புப் புள்ளி, குறைந்த ஊருக்கு நீலப் புள்ளி. பெரிய ஊருக்குப் பெரியது, சின்ன ஊருக்குச் சின்னது. புள்ளி இல்லாத இடம் முழுவதும் வெள்ளை.

"எப்படி சார் இருக்கு?" என்றார்.

"அழகாக இருக்கிறது. இந்த வெள்ளை என்ன?"

"அங்கே யாரும் இல்லை."

"யாரும் இல்லையா? அல்லது யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லையா?"

அவர் சிரித்தார். "கதைக்காரர் இல்லையா நீங்க! அங்கங்கே பத்துப் பேர், இருபது பேர் வேட்டைக்குத் திரிஞ்சிண்டிருப்பா. நெக்லிஜிபிள், சார். விட்டுத் தள்ளலாம்."

விட்டுத் தள்ளலாம் என்ற அந்தச் சொல் பேரில்தான் எனக்கு வழக்கு. நண்பர் பேரில் இல்லை. இதை எழுதப் போவதாக அவரிடமே சொல்லிவிட்டேன். "தாராளமா எழுதுங்கோ" என்றார். எழுதுகிறேன்.

ஆர்க்டிக் பிரதேசத்தில் சுமார் 40 லட்சம் பேர் வாழ்கிறார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் பத்தில் ஒருவர்தான் அந்த மண்ணின் பூர்வ குடிகள். மற்றவர்கள் சுரங்கத்துக்கும் எண்ணெய்க்கும் ராணுவத்துக்கும் உத்தியோகத்துக்கும் வந்தவர்கள்; அவர்கள் பிள்ளைகள். அந்தப் பத்தில் ஒருவர் எங்கே இருக்கிறார், அங்கே எப்படி வந்தார் என்பதுதான் என் கேள்வி. நண்பரின் படம் இதற்குப் பதில் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதோடு நின்றாலும் பரவாயில்லை; கேட்கவே அவசியமில்லை என்று நம்மை நம்ப வைக்கிறது.

கனடாவின் வடகோடியில் இரண்டு சின்னஞ்சிறு புள்ளிகளைப் பார்த்தேன். ஒன்று கிரைஸ் ஃபியர்ட். 2016 கணக்கில் 129 பேர், 2021 கணக்கில் 144 பேர். எனவே சிவப்பு. மற்றொன்று ரெசல்யூட். 198 பேராக இருந்து 183 ஆனது. எனவே நீலம். ஒன்று வளர்கிறது, மற்றொன்று தேய்கிறது என்று நினைத்துக்கொண்டு நாம் அடுத்த புள்ளிக்குப் போய்விடுவோம்.

ஆனால் இந்த இரண்டு புள்ளிகளும் ஒரே கப்பலிலிருந்து இறக்கப்பட்டவை.

1953-ஆம் வருஷம் க்யூபெக் மாகாணத்தின் வடபகுதியில், ஹட்ஸன் குடாவின் கரையிலுள்ள இனுக்ஜுவாக் என்ற ஊரிலிருந்து ஏழு இன்யூட் குடும்பங்களைக் கனடா சர்க்கார் கப்பலில் ஏற்றியது. 'எஸ்கிமோ' என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அந்த மக்கள்தான். அந்தப் பெயரை அவர்களில் பலர் விரும்புவதில்லை. இன்யூட் என்றால் மனிதர்கள் என்று பொருள். வழியில் பாண்ட் இன்லெட்டிலிருந்து மூன்று குடும்பங்கள் சேர்க்கப்பட்டன. நீண்ட இருட்டில் வாழப் பழகியவர்கள் அவர்கள், இவர்களுக்குத் துணை. சுமார் 2,000 கிலோமீட்டர் வடக்கே கொண்டுபோய் இறக்கினார்கள். எல்லோரும் ஒரே இடத்துக்குப் போகிறோம் என்றுதான் அந்தக் குடும்பங்கள் நினைத்திருந்தன. கப்பல் வடக்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் பிரித்து வெவ்வேறு இடங்களில் விடப்போகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்தது. 1955-இல் இன்னும் சில குடும்பங்கள் போயின. மொத்தம் 92 பேர் என்பார்கள்.

இனுக்ஜுவாக்கில் அவர்களுக்குக் கோடையில் பழம் பறிக்கப் புதர்கள் இருந்தன; பறவைகளும் ஆற்று மீனும் இருந்தன; ஒரு பள்ளிக்கூடம், ஒரு கடை, ஒரு நர்ஸ் இருந்தார். போன இடத்தில் இவை எதுவும் இல்லை. அக்டோபர் கடைசியில் மறைகிற சூரியன் பிப்ரவரியில்தான் மீண்டும் தலை காட்டும். முதல் குளிர்காலத்தைக் கூடாரத்தில் கழித்தார்கள். ரெசல்யூட்டிலிருந்த விமானத் தளத்துக் குப்பைமேட்டில் உணவு பொறுக்கியதை அவர்களே பிற்காலத்தில் விசாரணையில் சாட்சியாகச் சொன்னார்கள். பிடிக்காவிட்டால் இரண்டு வருஷத்தில் திரும்பிவிடலாம் என்று வாக்குக் கொடுத்துத்தான் ஏற்றினார்கள். அந்த இரண்டு வருஷம் முப்பது வருஷத்துக்கு மேல் நீண்டது. 1980-களின் கடைசியில்தான் சில குடும்பங்கள் சர்க்கார் செலவில் ஊர் திரும்பின. அதற்குள் பலர் அங்கேயே மண்ணுக்குள் போயிருந்தார்கள்.

சினிமா பார்க்கிறவர்களுக்கு ஒரு செய்தி. 1922-இல் வெளிவந்த 'நானூக் ஆஃப் தி நார்த்' என்ற மௌனப் படம் இனுக்ஜுவாக் பக்கத்தில் எடுக்கப்பட்டது. உலகமே அந்த எஸ்கிமோவின் சிரிப்பைப் பார்த்துக் கை தட்டியது. அதை எடுத்த ராபர்ட் ஃபிளாஹர்ட்டிக்கும் ஓர் இன்யூட் பெண்ணுக்கும் பிறந்த மகன் ஜோசபி ஃபிளாஹர்ட்டி. 1955-இல் கிரைஸ் ஃபியர்டுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் அவரும் ஒருவர். தகப்பனார் கேமராவில் உலகம் கண்டு பூரித்த ஊரிலிருந்து மகனைப் பெயர்த்தெடுத்தபோது ஒரு கேமராகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஏன் கொண்டுபோனார்கள்? இனுக்ஜுவாக்கில் வேட்டை குறைந்துவிட்டது, சர்க்காரின் உதவித் தொகையை நம்பி ஜனங்கள் சோம்பிவிடுவார்கள், வடக்கே மிருகங்கள் நிறைய இருக்கின்றன என்பது அதிகாரிகள் சொன்ன காரணம். இதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஆள் இல்லாத தீவுகளில் கனடாவின் ஜனங்கள் இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டிய அவசியமும் அந்தக் காலத்தில் இருந்தது. 1994-இல் ஒரு ராயல் கமிஷன் விசாரித்து இதையும் ஒரு காரணமாகக் கண்டது. 'எங்களைக் கொடிக்கம்பமாக நட்டார்கள்' என்று அந்த மக்கள் சொல்லிக்கொள்கிறார்கள். 2010 ஆகஸ்டில் கனடா சர்க்கார் மன்னிப்புக் கேட்டது.

ஆகவே, அன்பரே, அந்தப் புள்ளி ஓர் ஊரைக் காட்டுகிற அடையாளம் என்று நீங்கள் எண்ணினால் பாதிதான் சரி. முதலில் படத்தில் ஒரு புள்ளி தேவைப்பட்டது. பிறகுதான் அதற்கு ஆள் பிடித்தார்கள்.

இந்த வித்தையைத் தென் துருவத்தில் இன்னும் பச்சையாகச் செய்திருக்கிறார்கள். அண்டார்டிகாவில் பூர்வ குடிகளே கிடையாது. கொண்டுவந்து நட யாரும் இல்லாததால் பிள்ளையே பெற வைத்தார்கள். அர்ஜென்டினாவின் எஸ்பெரான்ஸா தளத்துக்கு ஒரு கர்ப்பிணியைக் கொண்டுபோய், 1978 ஜனவரியில் எமிலியோ பால்மா என்ற குழந்தை அங்கே பிறந்தது. அந்தக் கண்டத்தில் பிறந்த முதல் குழந்தை என்று உலகம் கொண்டாடியது. 1959-இல் கையெழுத்தான அண்டார்டிக் ஒப்பந்தம் தேசங்களின் உரிமைச் சண்டையை உறைய வைத்திருக்கிறது என்பார்கள். சண்டை உறைந்தது; ஆனால் ஒரு தொட்டிலை வைத்து மனு எழுதுவதை அது தடுக்கவில்லை. சிலியும் தன் பங்குக்குக் குடும்பங்களைக் கொண்டுபோய் ஒரு கிராமம் வைத்தது.

புள்ளி வைப்பதற்கு ஆள் பிடித்த கதை இது. புள்ளியை அழிப்பதற்கு ஆள் அப்புறப்படுத்திய கதையும் உண்டு.

அதே 1953-ஆம் வருஷம், மே மாதம். கிரீன்லாந்தின் வடமேற்கில் தூலே என்ற இடத்தில் அமெரிக்கா ஒரு பெரிய விமானத் தளம் கட்டியிருந்தது. அதன் அருகே ஊம்மன்னாக் என்ற கிராமம். தலைமுறை தலைமுறையாக வேட்டையாடி வாழ்ந்த ஜனங்கள். சில நாட்கள் தவணை கொடுத்து 27 குடும்பங்களைக் கிளம்பச் சொன்னார்கள். நாய் வண்டிகளில் மூட்டை கட்டிக்கொண்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே கானாக் என்ற இடத்துக்குப் போனார்கள். வீடுகள் கட்டி முடியும்வரை கூடாரத்தில் இருந்தார்கள். கிரீன்லாந்து இனிக் காலனி அல்ல, டென்மார்க்கின் சரிசமமான பகுதி என்று சொன்ன புதிய அரசியல் சட்டம் 1953 ஜூன் 5-ஆம் தேதி அமலுக்கு வந்தது. ஜூனில் சமம், மேயில் வெளியேற்றம். தேதிகள் எவ்வளவு நெருக்கமாகப் படுத்திருக்கின்றன பாருங்கள்!

அவர்கள் தாமாகவே போனார்கள் என்றுதான் நெடுங்காலம் உத்தியோகபூர்வமாகச் சொல்லி வந்தார்கள். 1999-இல் டென்மார்க்கின் நீதிமன்றம் அது கட்டாயமாகச் செய்யப்பட்ட காரியம் என்று தீர்ப்புச் சொன்னது. பிரதமர் மன்னிப்புக் கேட்டார். மொத்தச் சமூகத்துக்குமாக 5 லட்சம் குரோனர் நஷ்ட ஈடு. 2003-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பழைய இடத்துக்குத் திரும்பும் உரிமையை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. படத்தில் கானாக் ஒரு புள்ளி. ஊம்மன்னாக் இருந்த இடம் வெள்ளை.

ருஷ்யப் பக்கம் வாருங்கள். ஆசியாக் கண்டத்தின் கிழக்கு முனையில், டெஷ்னெவ் முனைக்கு அருகே, நௌகான் என்று ஒரு யூப்பிக் கிராமம் இருந்தது. எதிர்க்கரை அலாஸ்கா. அங்கேயும் இவர்களுக்கு உறவுகள். 1958-இல் சோவியத் அதிகாரிகள் அந்தக் கிராமத்தை மூடிவிட்டார்கள். ஜனங்களை வேறு ஊர்களுக்குப் பங்கு போட்டுப் பிரித்தார்கள். அவர்கள் பேசிய மொழி இன்று சாகக் கிடக்கிறது. நண்பரின் படத்தில் நௌகானுக்கு நீலப் புள்ளிகூட இல்லை. ஒரேயடியாக ஒழிந்த ஊர், குறைந்த ஊர் ஆகாதல்லவா?

ஆனால் வொர்க்குடாவுக்குப் பெரிய நீலப் புள்ளி இருக்கிறது. வொர்க்குடா ஆர்க்டிக் வட்டத்துக்குள் இருக்கும் நிலக்கரி நகரம். 1930-களில் கைதிகளின் முதுகின் மேல் எழுந்தது. 1989-இல் ஒரு லட்சத்துக்கும் மேல் ஜனங்கள். 2021 கணக்கில் சுமார் 57,000. சுரங்கங்கள் மூடின, ஜனங்கள் தெற்கே போகிறார்கள். கைதியாகக் கொண்டுவரப்பட்டவனின் பேரன் வெயிலைத் தேடிப் போவது துக்கமா, விடுதலையா? இருந்த இடத்திலேயே இருக்க ஆசைப்பட்டவனை விரட்டியதும், இருக்க முடியாத இடத்திலிருந்து ஒருவன் தப்பித்ததும் ஒரே கணக்கா? படத்துக்கு இரண்டும் 'குறைவு'.

நண்பர் என்ன பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியும். சொல்லவும் செய்தார். "சார், எண்ணிக்கை எண்ணிக்கைதான். சரித்திரம் எழுதறது என் வேலை இல்லை. எத்தனை பேர்னு தெரியாம ஆஸ்பத்திரி எப்படிக் கட்டறது? பள்ளிக்கூடம் எங்கே வைக்கிறது?"

நியாயமான கேள்வி. எண்ணுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. எண்ணப்படாதவனுக்கு மருந்தும் வராது, வோட்டும் வராது என்பது எனக்கும் தெரியும். ஆனால் எண்ணுகிறவன் கையைப் பாருங்கள் என்கிறேன். 1940-களில் கனடா சர்க்கார் இன்யூட் மக்களை எப்படி எண்ணியது தெரியுமா? அவர்கள் பெயர்கள் அதிகாரிகளின் வாயில் நுழையவில்லை; குடும்பப் பெயர் என்ற வழக்கமும் அவர்களிடம் இல்லை. ஆகவே ஆளுக்கொரு சின்ன வட்டத் தகடு கொடுத்து அதில் நம்பர் பொறித்தார்கள். கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். கிழக்கத்தியவனுக்கு ஓர் எழுத்து, மேற்கத்தியவனுக்கு ஓர் எழுத்து, பிறகு எண். சுமார் முப்பது வருஷம் ஓர் இனம் முழுவதும் நம்பராக வாழ்ந்தது. எண்ணிக்கை துல்லியமாகத்தான் இருந்திருக்கும். அந்தத் துல்லியத்தை வைத்துக்கொண்டு 1953-இல் என்ன செய்தார்கள் என்பதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

இப்போது இன்னும் நவீனமாகிவிட்டது. இரவில் பூமியைப் படம் பிடிக்கும் செயற்கைக் கோள்களின் வெளிச்சப் புள்ளிகளைக் கொண்டு ஜனங்கள் எங்கே இருக்கிறார்கள் என்று உத்தேசிக்கிறார்கள். நல்ல யுக்திதான். ஆனால் மேற்கு சைபீரியாவின் எண்ணெய்க் கிணறுகளில் வீணாக எரிகிற வாயுவின் ஜுவாலை, மேலிருந்து பார்க்கையில் ஒரு நகரத்தைப் போல ஜொலிக்கிறது. அதற்கு வடக்கே கலைமான் மந்தையோடு பெயர்ந்து போகும் நெனெத்ஸ் குடும்பத்தின் கூடாரத்தில் எரியும் அடுப்பு மேலே தெரிவதில்லை. இதைத் திருத்த நிபுணர்களுக்குத் தெரியும், திருத்தவும் செய்கிறார்கள். ஆனால் ஜுவாலையைக் கழித்துவிடலாம். அந்த அடுப்பை எப்படிக் கூட்டுவீர்கள்?

குடியிருப்பு என்றால் என்ன என்ற எண்ணத்திலேயே கோளாறு இருக்கிறது. ஒரே இடத்தில் நாலு சுவரும் கதவு இலக்கமும் இருந்தால் குடியிருப்பு; இல்லாவிட்டால் வெள்ளை. ஆர்க்டிக் வாழ்க்கை இப்படிப்பட்டதல்ல. வசந்தத்தில் ஓரிடம், கோடையில் ஓரிடம், குளிர்காலத்தில் உறைந்த கடலின் மேல் ஓரிடம். பனிக்கட்டியின் மேல் போகும் பாதை கோடையில் கரைந்து காணாமல் போகும். மறு குளிர்காலத்தில் அதே பாதை அதே இடத்தில் மறுபடி போடப்படும். தகப்பன் மகனுக்கு வாயால் சொல்லிக் கொடுத்த பாதை அது. வீடும் சாலையும் கரைந்து கரைந்து திரும்பக் கட்டப்படுகிற ஓர் ஊரை எந்தப் புள்ளியில் அடக்குவீர்கள்?

இது முடியாத காரியம் அல்ல. செய்து காட்டியிருக்கிறார்கள். 1970-களில் கனடாவின் வடக்கே ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பணம் கொடுத்ததும் கனடா சர்க்கார்தான். அதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஊர் ஊராகப் போய், வேட்டைக்காரர்கள் முன் படத்தை விரித்து, கையில் வர்ணப் பேனாவைக் கொடுத்தார்கள். நீ பிறந்ததிலிருந்து எங்கே கலைமான் வேட்டையாடினாய், எங்கே மீன் பிடித்தாய், எங்கே கூடாரம் போட்டாய், நீயே கோடு போடு என்றார்கள். ஒவ்வொரு படமும் ஒரு மனிதனின் ஜீவிய சரித்திரம். 1976-இல் மூன்று தொகுதிகளாக அது வெளிவந்தது. எல்லாக் கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், யாரும் இல்லை என்று சொன்ன வெள்ளைப் பரப்பு கோடுகளால் நிரம்பியிருந்தது. நிலத்தின் மேல் மட்டுமல்ல, கடலின் மேலும். அந்தக் கோடுகள்தாம் நில உரிமைப் பேச்சில் சாட்சி சொல்லின. 1993-இல் உடன்படிக்கை. 1999 ஏப்ரல் முதல் தேதி நுனாவுட் என்ற தனிப் பிரதேசம் பிறந்தது. 'நம் நிலம்' என்று பெயர். 2021 கணக்கில் ஜனத்தொகை 36,858. ஆள் ஒன்றுக்கு ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர் நிலம். நண்பரின் கணக்குப்படி விட்டுத் தள்ள வேண்டிய எண்ணிக்கை. அந்த எண்ணிக்கைதான் பேனாவைத் தன் கையில் வாங்கிக் கனடாவின் தேசப்படத்தையே திருத்தி எழுதியது.

இதெல்லாம் பழைய கதை என்று யாராவது சொன்னால், அலாஸ்காவின் மேற்குக் கரைக்கு அழைத்துப் போவேன். நியூடாக் என்று ஒரு யூப்பிக் கிராமம். நிலத்தடிப் பனி உருகி, ஆறு கரையை அரித்து, ஊர் நீருக்குள் போய்க்கொண்டிருந்தது. 2019-இல் முதல் குடும்பங்கள் மெர்ட்டார்விக் என்ற புது இடத்துக்குப் போயின. 2024-இல் எஞ்சியவர்களும் போய்விட்டார்கள். பருவநிலை மாறியதால் ஊர் பெயர்ந்தது என்று படத்தில் ஓர் அம்புக்குறி விழும். அது பொய்யல்ல. ஆனால் அந்தச் சதுப்பில் ஊர் எப்படி வந்தது? பருவத்துக்குப் பருவம் இடம் பெயர்ந்து வாழ்ந்தவர்கள் அந்த ஜனங்கள். 1949 வாக்கில் பள்ளிக்கூடம் கட்ட இடம் பார்த்தார்கள். கட்டடச் சாமான் ஏற்றிய படகு ஆற்றில் எட்டின இடத்தில் கட்டினார்கள். பிள்ளைகள் படிக்க வேண்டுமே என்று ஜனங்கள் அங்கே தங்கினார்கள். படகு நின்ற இடத்தில் வைத்த புள்ளி அது. புது இடத்தையோ அவர்களே பார்த்து, அவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த இரண்டு பெயர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் அம்புக்குறி சொல்லுமா?

நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். 2008-இல் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவில் இந்தியா 'ஹிமாத்ரி' என்ற ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தது. 2013-இல் ஆர்க்டிக் கவுன்சிலில் பார்வையாளர் ஸ்தானம் பெற்றது. 2022-இல் ஆர்க்டிக் கொள்கை என்று ஓர் ஆவணமும் வெளியிட்டோம். பனி உருகுகிறது, கப்பல் வழி திறக்கிறது, எல்லாத் தேசங்களும் படத்தை விரித்து வைத்துக் கொண்டிருக்கின்றன. நாமும் மேஜையருகே போய் நின்றாயிற்று. வெள்ளையாகத் தெரிகிற இடம் காலி மனை என்று எண்ணிக்கொண்டு நிற்கப் போகிறோமா என்பதுதான் விஷயம்.

நான் கதை எழுதுகிறவன். ஒரு குடும்பத்தை ஊர் மாற்ற எனக்கு ஒரு வாக்கியம் போதும். 'அந்த வருஷமே அவர்கள் அங்கிருந்து கிளம்பிவிட்டார்கள்' என்று எழுதிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவேன். என் பாத்திரங்களுக்குக் குளிராது, பசிக்காது, வழியில் யாரையும் பிரிந்ததாக அவர்கள் அழ மாட்டார்கள். நான் அழ வைத்தால்தான் உண்டு. அந்த அதிகாரத்தின் ருசி எனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் அதே வாக்கியத்தை ஓர் அதிகாரி எழுதும்போதும், அதை ஒரு பூகோளக்காரர் புள்ளியாக வைக்கும்போதும் எனக்குப் பயமாக இருக்கிறது.

கிரைஸ் ஃபியர்டிலும் ரெசல்யூட்டிலும் 2010-இல் இரண்டு சிலைகள் வைத்தார்கள். கொண்டுவரப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தவர்களே செதுக்கியவை. ஓர் ஊரில் ஒரு பெண்ணும் சிறுவனும் ஒரு நாயும் நிற்கிறார்கள். மற்ற ஊரில் ஒரு மனிதன் தனியாக நிற்கிறான். அவள் அவன் இருக்கும் திசையைப் பார்க்கிறாள். அவன் அவள் இருக்கும் திசையைப் பார்க்கிறான். நடுவே கடலும் தீவுகளும். கப்பலில் பிரித்தது இன்னும் அங்கே நின்றுகொண்டிருக்கிறது.

இதை நண்பரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "படத்தைக் கிழிச்சுடணும்கிறேளா?" என்றார்.

"கிழிக்க வேண்டாம். புள்ளியும் இருக்கட்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் ஒரு வரி சேருங்கள். இந்த ஜனங்கள் எங்கிருந்து வந்தார்கள், யார் சொல்லி வந்தார்கள், இருந்த ஊருக்கு என்ன பெயர்."

"இடம் போதாதே, சார்."

வெள்ளையாகக் கிடந்த இடத்தை விரலால் காட்டினேன்.